ஏழுமலையின் நாக்கும் எட்டுக்கால் ஐசியும்

தொட்டியில் யாரும் கை வைக்கவில்லை. அடுப்பையும் பற்ற வைக்கவில்லை. ஆனாலும் பெட்டியில் எண் நகர்ந்துகொண்டே இருந்தது.

ஐந்து புள்ளி ஒன்று. ஐந்து புள்ளி மூன்று. ஐந்து புள்ளி நான்கு.

பிள்ளையார்பாளையத்தில் ஏழுமலை அண்ணனின் சாயப்பட்டறை அது. ஆயுத பூஜைக்கு மறுநாள், காலை எட்டு மணி இருக்கும். வாசலில் கட்டிய மாவிலை இன்னும் சுருளவில்லை. தொட்டியில் அரக்குச் சாயம் கரைத்த தண்ணீர். பக்கத்து மூங்கில் கழியில், நனைத்துப் பிழிந்து மாட்டிய வெள்ளைப் பட்டு நூல் சிட்டங்கள். காற்றில் மூக்கைக் குத்தும் அமில வாடை.

அந்த வாடை எனக்கும், சாயத்துக்குக் காத்து நின்ற தறிக்காரி மல்லிகாவுக்கும்தான் குத்தியது. ஏழுமலை அண்ணனுக்குக் குத்தவில்லை. ஏன் என்பது அங்கே இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் அவர், இன்னொருத்தி நான்.

நாக்கு

பட்டுக்குச் சாயம் ஏற்றும் தண்ணீர் சரியான அளவுக்குப் புளித்திருக்க வேண்டும். புளிப்பு குறைந்தால் நிறம் நூலில் ஏறாமல் தண்ணீரிலேயே தங்கிவிடும். கூடினால் அவசர அவசரமாக ஏறித் திட்டுத் திட்டாக நிற்கும். இந்தப் புளிப்பைத்தான் பி.எச். என்ற எண்ணால் அளக்கிறோம். ஏழு என்றால் வெறும் தண்ணீர். எண் இறங்க இறங்கப் புளிப்பு ஏறும்.

ஏழுமலை அண்ணனுக்கு அந்த எண் வேண்டியிருக்கவில்லை. விரலைத் தொட்டியில் தொட்டு நாக்கு நுனியில் வைப்பார். கண்ணை மூடுவார். "இன்னும் அரைக் கரண்டி" என்பார். அவ்வளவுதான். அவர் போட்ட அரக்கை வேறு யாராலும் போட முடியாது என்று நான்கு தெருத் தறிக்காரர்கள் சொல்வார்கள்.

ஊரெல்லாம் காய்ச்சல் வந்த அந்தக் காலத்தில் அவருக்கும் வந்தது. காய்ச்சல் போனது. போகும்போது வாசனையையும் ருசியையும் எடுத்துக்கொண்டு போனது. பலருக்குத் திரும்பியது, அவருக்குத் திரும்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் போட்ட இரண்டு சாயம், நிறம் சரியில்லை என்று திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஊரே என் நாக்க நம்பிக்கினு கீது சுகுணாம்மா. நாக்கு போய்ட்ச்சின்னு தெரிஞ்சா பட்டறைக்குள்ள ஒரு சிட்டம் வராது."

கடையில் விற்கும் பேனா மாதிரி மீட்டர் ஒன்றை வாங்கிப் பார்த்திருக்கிறார். பட்டறை ஆவியில் அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஏனாத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் சர்க்யூட் மாட்டிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன் நான். நானே ஒன்று செய்து தருகிறேன் என்றேன்.

அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். யாருக்கும் தெரியக்கூடாது.

அதனால் எண் காட்டும் பெட்டியைக் கதவோரச் சுவரில், தினசரிக் காலண்டருக்குப் பின்னால் பதித்தோம். தறிக்காரர்கள் முன்னால் அவர் வழக்கம்போல விரலை நாக்கில் வைப்பார். பிறகு காலண்டர் தாளைத் தூக்கிப் பார்ப்பார். பார்ப்பவர்கள் ராகுகாலம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த ஆண்டில் அவரைவிட நேரம் பார்த்துச் சாயம் போட்டவர் காஞ்சிபுரத்தில் இல்லை.

இழுப்பறையில் இருந்தது

இந்தத் தொடரைப் படிக்கும் சிலர், சர்க்யூட் விவரங்களைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். குறைக்க முயல்கிறேன். இந்த வாரம் மட்டும் முடியாது.

கண்ணாடி முனை ஒன்றைத் தண்ணீரில் வைத்தால், புளிப்புக்கு ஏற்ப ஒரு சிறு மின்னழுத்தம் தரும். ஒரு பி.எச்.சுக்கு ஏறக்குறைய அறுபது மில்லிவோல்ட். அந்த அளவு உண்மையானது, ஆனால் அதற்குப் பின்னால் பலம் கிடையாது. ஒற்றைப் பட்டு இழையைப் போல. அதன் நீளத்தை அளக்கலாம், இழுக்கக் கூடாது.

இழுக்காமல் அளந்து, பெரிதாக்கிக் கொடுப்பதற்கு இருப்பதுதான் ஆப்-ஆம்ப். பாடநூலில் செயல்பாட்டுப் பெருக்கி. எட்டுக் காலுள்ள கறுப்புப் பூச்சி மாதிரி இருக்கும். படத்தில் வெறும் முக்கோணம். முக்கோணத்தின் உள்ளீடு எதையும் இழுக்காது என்று முதல் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். மாணவர்களும் எழுதித் தேறிவிடுகிறார்கள்.

முக்கோணம் இழுக்காது. ஐசி இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

என் முதல் தவறு, என் மேசை இழுப்பறையில் டஜன் கணக்கில் கிடந்த 741. ஆய்வகத்தில் முப்பது ஆண்டாக ஓடும் நம்பிக்கையான ஐசி. மாட்டினேன். வெளியீடு ஒரேயடியாக மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதன் உள்ளீடு கேட்கும் துளி மின்னோட்டம், கண்ணாடி முனையின் நூறு மெகா ஓம் தடையில் பாய்ந்தால் எட்டு வோல்ட் ஆகிறது. நான் தேடியதோ சில மில்லிவோல்ட். கையில் இருந்ததை எடுத்து மாட்டியதற்குத் தண்டனை.

இரண்டாவது, உள்ளீட்டில் எஃப்.இ.டி. உள்ள வகை. ஆயிரத்தில் ஒரு பங்குதான் இழுக்கும். காலையில் வைத்தேன், எண் அச்சாக நின்றது. மத்தியானம் பார்த்தால் விலகியிருந்தது. மறுநாளும் அப்படியே. நோட்டில் மணிவாரியாகக் கோடு போட்டு எண்ணையும் வெயிலையும் எழுதினேன். இரண்டும் சேர்ந்தே ஏறின.

பிறகுதான் தரவுத்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். பத்து டிகிரி ஏறினால் ஐசி இழுக்கும் கசிவு மின்னோட்டம் இரண்டு மடங்காகும் என்று அங்கே ஒரு வரைபடம் இருந்தது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்த அளவெல்லாம் இருபத்தைந்து டிகிரிக்கு. காஞ்சிபுரத்தில் இருபத்தைந்து டிகிரி எந்த மாதம் வருகிறது என்று யாராவது சொன்னால் குறித்துக்கொள்வேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி உண்டு. தரவுத்தாளில் 'வழக்கமாக' என்ற பத்தியைப் படிப்பதில்லை. 'அதிகபட்சம்' என்ற பத்தியை வைத்துத்தான் கணக்குப் போடுவேன். அண்டா அடுப்புக்குப் பக்கத்தில் வழக்கம் என்று எதுவும் இல்லை.

மூன்றாவது ஐசி சென்னையிலிருந்து தபாலில் வந்தது. சீமாஸ் வகை. அது இழுக்கும் துளியை அளக்கும் அளவுக்கு நுட்பமான கருவி எங்கள் ஆய்வகத்தில் இல்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு பங்குனிப் பாட்டு

ஐசி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பஜனை.

படிப்பு முடித்த புதிதில், பங்குனி உத்திரத்துக்கு எங்கள் தெருப் பஜனைக் கோஷ்டிக்கு மைக் பெருக்கி ஒன்று செய்துகொடுத்தேன். மேசையில் வைத்துச் சோதித்தபோது தேனாகப் பாடியது. தெருக்கோடிவரை வயர் இழுத்து மாட்டியதும் கரகரவென்றது. ஐசியைத் தொட்டால் சுட்டது. பாடிய முதலியார், "யம்மா, என் தொண்டையா, உன் டப்பாவா, எதுன்னு சொல்லிடு" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

டப்பாதான். நீள வயர் ஒரு மின்தேக்கியைப் போல நடந்துகொள்ளும். ஆப்-ஆம்பின் வாயில், அதாவது வெளியீட்டில், அதை நேராகக் கட்டினால், காதுக்குக் கேட்காத வேகத்தில் தானே ஆட ஆரம்பித்துவிடும். வாயில் நூறு ஓம் தடை ஒன்றை வைத்திருந்தால் அடங்கியிருக்கும். அது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. உத்திரம் முடிந்துவிட்டிருந்தது.

ஏழுமலை அண்ணனின் கருவியிலும் நீள வயர் உண்டு. ஐசியைக் கைக்கடக்கமான அலுமினிய டப்பாவில் அடைத்துத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டேன். கண்ணாடி முனையின் பலவீனமான இழை அந்த டப்பா வரைக்கும் வந்தால் போதும். அங்கிருந்து கதவோரப் பெட்டிவரை வயர் எவ்வளவு நீளமானாலும், தாங்கும் பலத்தோடு ஆப்-ஆம்ப் அனுப்பிவிடும். இந்தத் தடவை அதன் வாயில் முதல் நாளே நூறு ஓம்.

மின்சாரம் வரும் காலை ஒட்டியே ஒரு சின்ன மின்தேக்கி. ஒட்டி என்றால் ஒட்டி, அரை விரற்கடைகூடத் தள்ளவில்லை. ஒரு ஐசிக்குள் இரண்டு ஆப்-ஆம்ப் இருந்தன. எங்கள் மாணவர்கள் இரண்டாவதை அப்படியே அனாதையாக விட்டுவிடுவார்கள். அது சும்மா இருக்காது, மிதந்துகொண்டு ஏதாவது வம்பு செய்யும். நான் அதற்கு வேலை கொடுத்தேன். புளிப்பு, காரம் இரண்டு பக்கமும் எண் போவதற்கு நடுவில் ஒரு நிலையான தரை வேண்டும், அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

உள்ளீட்டுக் காலை மட்டும் சர்க்யூட் பலகையில் பதிக்கவில்லை. மடக்கி, அந்தரத்திலேயே பற்ற வைத்தேன். பலகையில் ஈரமும் சால்டர் பிசினும் சேர்ந்தால் மின்சாரம் கசிய அதுவே ஒரு வழியாகிவிடும். காற்றில் வழி கிடையாது. எல்லாம் முடித்துப் பலகையை ஸ்பிரிட்டில் இரண்டு முறை கழுவி, மூடி, ஓரங்களை அடைத்தேன்.

பத்து மாதம் ஒரு நாள்கூட அது தவறவில்லை. மாதம் ஒருமுறை போய்ச் சரிபார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வருவேன். எனக்கு அந்த டப்பாமீது இருந்த பெருமையை இங்கே மறைக்கப் போவதில்லை.

மல்லிகாவின் ஊடை

மல்லிகா அடுத்த தெருவில் சொந்தத் தறி போட்டு நெய்பவள். முப்பத்தைந்து வயது, வேகமான கை, அதைவிட வேகமான வாய். ஐப்பசியில் கல்யாணம் வைத்திருந்த ஒரு வீட்டுக்கு அப்போது அரக்குச் சேலை நெய்துகொண்டிருந்தாள். மூன்று வாரம் நெய்த பிறகு, முந்தானைக்கு முன்னால், குறுக்கே ஓடும் ஊடை நூல் தீர்ந்துவிட்டது. நூலைக் குறைத்து எடைபோட்டவர் அவள் கணவரா, அவளா என்பது இன்றுவரை முடிவாகாத வழக்கு.

மீதிக்குப் புதிதாகச் சாயம் ஏற்ற வேண்டும். இழையளவு நிறம் மாறினாலும் சேலைக்குக் குறுக்கே ஒரு பட்டை விழும். பட்டை விழுந்த சேலையை மணப்பெண் கட்டமாட்டாள். முதல் நூலுக்குச் சாயம் போட்டது ஏழுமலை அண்ணன். அதனால் இரண்டாவதும் அவரேதான் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் சேலை தறியிலிருந்து இறங்க வேண்டும்.

அன்று காலை அவர் வழக்கமான அளவு அமிலம் ஊற்றியிருக்கிறார். நாலு புள்ளி ஆறு காட்ட வேண்டிய பெட்டி ஐந்து புள்ளி எட்டு காட்டியது. இன்னொரு கரண்டி ஊற்றினார். ஐந்து புள்ளி நாலு. மூன்றாவது கரண்டிக்குப் பிறகு ஐந்து புள்ளி ஒன்றில் நின்று, மேலே ஏறத் தொடங்கியது. அமிலம் ஊற்ற ஊற்ற ஏன் இறங்கவில்லை என்று பயந்து எனக்குப் போன் செய்தார். விஜயதசமி விடுமுறை, வீட்டில்தான் இருந்தேன். சோதனைக் கரைசல் புட்டிகளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன்.

மல்லிகா இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். சிட்டங்களை எப்போது இறக்கப்போகிறார் என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

ஏழுமலை அண்ணன் விரலைத் தொட்டியில் நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"சொல்லுண்ணா, சரியா கீதா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நம்பியிருப்பாள். சிட்டங்கள் உள்ளே போயிருக்கும்.

"தெரிலம்மா," என்றார்.

"இன்னாண்ணா தெரில?"

"என் நாக்குல ஒண்ணியும் தெரில. காய்ச்சல் வந்ததிலேர்ந்து உப்பு புளி எதுவும் கெடையாது. இந்தம்மா செஞ்சு குட்த்த பெட்டி சொல்றத நான் சொல்லிக்கினு இருந்தேன். இன்னிக்கு அதுவும் ஒளறுது."

காலண்டரைத் தூக்கிப் பெட்டியைக் காட்டினார்.

மல்லிகா பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"போன தபா எனுக்குப் போட்ட சாயம் நாக்கா, பெட்டியா?"

"பெட்டி," என்றார்.

"அப்ப எனுக்கு அந்தப் பெட்டிதான் வேணும். அக்கா, அத்த பேச வைங்க."

சந்தனம்

என்னுடைய முறை எப்போதும் ஒன்றுதான். தெரியாததை அளக்கும் முன் தெரிந்ததை அள. ஏழு பி.எச். கரைசலில் முனையை வைத்தேன். ஏழு என்றது, சரி. நாலு பி.எச். கரைசலில் வைத்தேன். ஐந்து புள்ளி ஏழு என்றது.

இந்த இரண்டு எண்ணும் எனக்குப் போதுமானவை. ஏழில் மின்னழுத்தம் பூஜ்யம், அங்கே தவறு தெரியாது. நாலில் வர வேண்டியதில் பாதிக்கும் குறைவாகத்தான் வருகிறது. ஐசி பழுதானால் இப்படி ஒழுங்காகக் குறையாது. இழையை வழியில் யாரோ இழுக்கிறார்கள். முனைக்கும் ஐசிக்கும் நடுவில் எங்கோ ஒரு கசிவு.

நடுவில் இருப்பது ஒரே ஒரு இணைப்பு. டப்பாவின் பக்கவாட்டில் முனையின் வயர் திருகும் வாய். திருகைக் கழற்றினேன்.

உள்ளே சந்தனம். அதன் நடுவில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

ஆயுத பூஜைக்கு அவர் தொட்டி, தராசு, கழி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்திருக்கிறார். கருவிகள் ஓய்வெடுக்கும் நாளென்று முனையையும் கழற்றித் துடைத்து வாழையிலையில் வைத்திருக்கிறார். டப்பாவுக்குப் பொட்டை எங்கே வைப்பது என்று யோசித்திருக்கிறார்.

"அந்த வட்டந்தாம்மா அதுக்கு நெத்தி மாதிரி இருந்திச்சி," என்றார். பிறகு மெதுவாக, "சாமிக்கு வெச்சதுல தப்பாயிட்ச்சா?" என்று கேட்டார்.

"சாமி மேல ஒண்ணும் இல்லண்ணா. சந்தனம் ஈரம் இழுக்க இழுக்க அதுல கரண்ட் போவும், அதான் எண் தானா ஏறிச்சி. அவ்ளோதான்."

மல்லிகா சிரித்துவிட்டாள். "நல்ல வேளை, வாயில சக்கரப் பொங்கல் ஊட்டல," என்றாள். அவரும் சிரித்தார். அன்று காலை முதல் தடவையாக.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, உள்ளே மூன்று முறை துடைத்து, விசிறியால் உலர்த்தினேன். நாலு பி.எச். கரைசலில் நாலு என்றது. தொட்டியில் வைத்தேன். மூன்று புள்ளி இரண்டு.

சிட்டங்கள் அந்தத் தொட்டியில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏழுமலை அண்ணன் சோடா போட்டுப் புளிப்பை முறிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். முதல் தடவை சோடா இல்லை, இந்தத் தடவையும் இருக்கக் கூடாது. தொட்டியைக் கொட்டி, கழுவி, சாயத்தை மறுபடி எடைபோட்டு, மறுபடி கரைத்தோம். என் நோட்டில் முதல் சாயத்தின் எண், தண்ணீர் அளவு, அமிலம், அடுப்பில் இருந்த நேரம் எல்லாம் இருந்தன. அதைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். இந்தத் தடவை அவர் விரலை நாக்கில் வைக்கவில்லை. காலண்டரைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டு, எண்ணைப் பார்த்துக்கொண்டே ஊற்றினார். நாலு புள்ளி ஆறில் கரண்டியை நிறுத்தினார்.

தவறு அவருடையது அல்ல என்று அன்று நோட்டில் எழுதினேன். ஐசியின் வெப்பம், வயரின் நீளம், பலகையின் ஈரம் எல்லாவற்றையும் யோசித்தேன். ஆண்டுக்கு ஒருநாள் ஒவ்வொரு கருவிக்கும் பொட்டு வைக்கும் ஊரில் அது தொங்கப்போகிறது என்பதை யோசிக்கவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். எந்தத் தரவுத்தாளிலும் அது இருக்காது, என் தலையில் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் இணைப்பின் வாய்க்கு ரப்பர் மூடி போட்டேன். டப்பாவின் மேல்மூடியில் பெயின்டால் ஒரு வட்டம் வரைந்து, 'பொட்டு இங்கே' என்று எழுதினேன். அதற்குப் பிறகு செய்த ஒன்பது டப்பாக்களிலும் அந்த வட்டம் உண்டு. ஆம், ஒன்பது. மற்ற சாயப்பட்டறைக்காரர்களும் கேட்டு வாங்கினார்கள். நாக்கு நன்றாக இருப்பவர்களும்தான்.

வியாழக்கிழமை

சாயம் போட்ட அந்த வாரமே வியாழன் மாலை, கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக மல்லிகா வீட்டுக்குப் போனேன். ஏழுமலை அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்து தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பட்டை விழுந்ததா என்று கேட்கத் தயங்கி நின்றார் என்று நினைக்கிறேன்.

முந்தானை பாதி ஏறியிருந்தது. மல்லிகா நெய்த துணியைச் சுருளிலிருந்து அவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் தடவித் தேடினேன். எதையும் தேடிக் கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போனேன். திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன். அரக்கு, அரக்கு, அரக்கு.

எந்த இடத்தில் பழைய நூல் முடிந்து புது நூல் தொடங்கியது என்று அவளிடமே கேட்டேன்.

மல்லிகா குனிந்து பார்த்தாள். துணியைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். ஒரு சாண் முன்னால் போனாள், பின்னால் வந்தாள்.

"காலைல தெரிஞ்சிதுக்கா," என்றாள். "இப்ப எனுக்கே தெரில."

ஏழுமலை அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, நாளைக்கு மூன்று பேருக்குச் சாயம் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்கு நடந்தார்.